முன்னால் போகும் வண்டி

ஜூன் 8, சனி

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா ஒரு வேலை கொடுத்திருக்கிறார். என் வீட்டுக்காரி குருவம்மாளுக்கு ரேடியேஷன் கரண்ட் வைக்கிற ஐந்து வாரமும் அவள் என்ன சாப்பிட்டாள், வாந்தி உண்டா, தோல் கறுக்கிறதா என்று தினமும் எழுதிவைக்கச் சொன்னார். டிரிப் ஷீட் எழுதிப் பழகிய கை. இரண்டு வரியோடு நிற்காது போலிருக்கிறது.

செல்வி தன் காரை எங்களிடம் விட்டுவிட்டு ஓசூருக்கு ரயிலேறிவிட்டாள். அம்மாவின் மார்பு ஆபரேஷனுக்கு வந்ததிலேயே அவள் லீவெல்லாம் தீர்ந்துபோனது. "பஸ்ல கூட்டிட்டுப் போகாதீங்கப்பா. சாத்தூர்ல இருந்து மதுரை, தினமும் போக வர. அம்மா தாங்க மாட்டாங்க" என்றாள்.

போகும்முன் என்னை நான்குவழிச் சாலைக்குக் கூட்டிப்போய் வண்டியைப் பழக்கினாள். முப்பத்தோரு வருஷம் அரசு பஸ் ஓட்டி, ஒரு கோழியைக்கூட அடிக்காமல் ஓய்வு பெற்றவனுக்கு மகள் வண்டி சொல்லித்தருகிறாள். கிளட்ச் கிடையாது. ஸ்டீயரிங்கில் ஒரு பொத்தான். எண்பது என்று வைத்துவிட்டுக் காலை எடுத்துவிடலாம்.

"இது பழைய கார்லயே உண்டே" என்றேன்.

"அது வேறப்பா. அது எண்பதுன்னா எண்பதுலயே போய் முட்டும். இது முன்னாடி போற வண்டியப் பாக்கும். அது மெதுவாப் போனா இதுவும் மெதுவாப் போகும். அது விலகிருச்சுன்னா மறுபடி எண்பதுக்கு வந்துரும். நீங்க ஒண்ணும் செய்ய வேணாம்."

"அப்ப நான் எதுக்கு?"

"பிரேக்குக்குப் பக்கத்துலயே கால வச்சிருக்கிறதுக்கு" என்றாள்.

ஜூன் 10, திங்கள்

முதல் நாள். காலை இரண்டு இட்லி. வாந்தி இல்லை. கரண்ட் வைப்பது என்னவோ ஐந்து நிமிஷம்தான். காத்திருப்பது இரண்டு மணி நேரம். உள்ளே ஒன்றுமே தெரியவில்லையாம், சூடும் இல்லை, வலியும் இல்லை. "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று கேட்டாள்.

ஜூன் 11, செவ்வாய்

மோர்சாதம். கொஞ்சம் அசதி. திருமங்கலத்தில் டோல் நெரிசல்.

ஜூன் 13, வியாழன்

இந்த க்ரூஸ் பொத்தானை வேடிக்கைக்குத்தான் போட்டுப் பார்த்தேன். இப்போது விருதுநகர் தாண்டியதும் கை தானாக அதற்குப் போகிறது.

முன் கிரில்லுக்குள் ரேடார் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அலையை அனுப்புகிறது. அது முன்வண்டியில் பட்டுத் திரும்பி வர எடுக்கும் நேரத்தை வைத்துத் தூரம் கண்டுபிடிக்கிறது. திரும்பும் அலை நெருங்கி வருகிறதா, நீண்டு வருகிறதா என்பதை வைத்து அந்த வண்டி நம்மை நெருங்குகிறதா, விலகுகிறதா என்று தெரிந்துகொள்கிறது. எனக்குப் பிடித்தது வேறொன்று. இடைவெளியை அது மீட்டரில் வைப்பதில்லை, நேரத்தில் வைக்கிறது. முன்வண்டி தாண்டிய இடத்தை நாம் இரண்டு நொடி கழித்துத் தாண்ட வேண்டும், அவ்வளவுதான். வேகமாகப் போனால் அந்த இரண்டு நொடி நீளமாகிறது, மெதுவாகப் போனால் சுருங்குகிறது. நல்ல டிரைவர் மனசுக்குள் போடுகிற கணக்கும் இதேதான். இதைச் செய்தவன் ரோட்டில் வாழ்ந்தவனாக இருக்க வேண்டும்.

காலுக்கும் ஓய்வு. வலி என்று சொல்ல முடியாது. சாயங்காலமானால் கனமான சாக்ஸ் போட்டது போல இருக்கும். வயசு.

குருவம்மாள் வழியெல்லாம் தலையைக் குனிந்தே வருகிறாள். "ரோட்டப் பாரு, தல சுத்தாது" என்றேன்.

"பாத்துக்கிட்டுத்தான் வாரேன்" என்றாள்.

ஜூன் 16, ஞாயிறு

கறிக்கடைக்குப் போய்விட்டு வந்தேன். வீட்டுப் படியேறும்போது குருவம்மாள் என் காலைப் பார்த்து, "இன்னொரு செருப்பு எங்க?" என்றாள். வலது கால் வெறுங்காலாக இருந்தது. தெருமுனையில் கிடந்ததாம், அவளே போய் எடுத்துவந்தாள். வார் தளர்ந்துவிட்டது. பின்வார் வைத்த செருப்பு ஒன்று வாங்கிவிட்டேன்.

அவள் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. ஈரலை மட்டும் கொஞ்சம் தின்றாள்.

ஜூன் 19, புதன்

கப்பலூர் பக்கம் ஒரு மோட்டார் சைக்கிள்காரன் எங்களுக்கும் முன்காருக்கும் நடுவில் நுழைந்தான். வண்டி தானாகவே பிரேக் போட்டுக் குலுங்கியது. எனக்கு முன்னால் அது பார்த்துவிட்டது. பாராட்டி செல்வியிடம் போனில் சொன்னேன்.

அவள் பாராட்டவில்லை. "அப்பா, ஒண்ணு மட்டும் மறந்துறாதீங்க. ஓடுற வண்டியத்தான் அது கணக்குல எடுக்கும். ரோட்டுல நின்னுக்கிட்டு இருக்கிற வண்டிய அது கண்டுக்காமப் போகலாம்."

"ஏன், கண்ணு தெரியாதா?"

"தெரியும். ஆனா போர்டு, பாலம், கம்பி, எல்லாமே நின்னுக்கிட்டுத்தான இருக்கு? எல்லாத்துக்கும் பிரேக் போட்டா வண்டி ஊர் போய்ச் சேராது. அதனால அசையாததையெல்லாம் ஒதுக்கிரும். முன்னாடி போற கார் சட்டுனு விலகி, அந்தப் பக்கம் ஒரு லாரி நின்னா, நீங்கதான் மிதிக்கணும். உடனே மிதிக்கணும்."

"மிதிக்கிறதுதான எனக்குத் தொழிலு" என்றேன்.

அவள் உடனே, "அம்மாட்ட குடுங்க" என்றாள். இருவரும் அடுப்படியில் நின்று வெகுநேரம் பேசினார்கள். என்ன என்று கேட்டதற்குக் குருவம்மாள், "தோலுக்கு என்ன தடவலாம்னு கேட்டா" என்றாள்.

ஜூன் 22, சனி

உள்ளங்காலில் ரூபாய் அகலத்துக்குக் கொப்புளம். நேற்று ஆஸ்பத்திரி பார்க்கிங்கில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று சாமி கும்பிட்டேன், அங்கே ஒரு பிள்ளையார் இருக்கிறார். தார் கொதித்திருக்கும். குருவம்மாள்தான் பார்த்தாள். "இவ்வளவு பெருசாச் சுட்டிருக்கு, உங்களுக்குத் தெரியலயா?" என்றாள். காலில் தோல் தடித்துவிட்டது என்றேன். டிரைவர் காலென்றால் அப்படித்தான்.

சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகப் போடச் சொன்னாள். போடுகிறேன்.

ஜூன் 24, திங்கள்

அவளுக்கு அக்குள் பக்கம் தோல் கறுத்துவிட்டது. ரவிக்கை போட முடியவில்லை. என் பழைய வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வருகிறாள்.

ஜூன் 27, வியாழன்

கள்ளிக்குடி தாண்டி ஒரு சம்பவம். பெரிதாக ஒன்றும் இல்லை. எழுதிவைக்கிறேன்.

வலது லேனில் போய்க்கொண்டிருந்தோம். முன்னால் ஒரு பெரிய வெள்ளைக் கார். எழுபதில் போனது, அதைப் பிடித்துக்கொண்டு நம் வண்டியும் எழுபதில் போனது. திடீரென்று அது இடப்பக்கம் விலகியது. எதிரே, நடுவிலுள்ள அரளிச் செடிக்குத் தண்ணீர் விடுகிற டேங்கர் லாரி நின்றுகொண்டிருந்தது. பின்னால் சிவப்புக் கூம்புகள். ஹோஸைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண்.

முன்வண்டி விலகியதும் நம் வண்டிக்குப் பாதை காலி என்று கணக்கு. எண்பதைப் பிடிக்க வேகம் எடுத்தது. நான் பிரேக்கை முழுப் பலத்தோடு மிதித்தேன். வண்டி கேட்கவில்லை. ஸ்டீயரிங் இடப்பக்கம் திரும்பியதில் தப்பித்தோம். வலப்பக்கக் கண்ணாடி லாரி மூலையில் பட்டுத் தெறித்தது. கூம்புகள் பறந்தன. அந்தப் பெண் ஹோஸைப் போட்டுவிட்டு அரளிக்குள் விழுந்தாள். எழுந்துவிட்டாள், கண்ணாடியில் பார்த்தேன். உள்கண்ணாடியில். நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரிக்கு நேரமாகிவிட்டது.

குருவம்மாள் மதுரை வரை வலது கையை மடியில் பிடித்துக்கொண்டே வந்தாள். திரும்பும்போது நாற்பதிலேயே வந்தேன்.

பிரேக் பேடு தேய்ந்திருக்க வேண்டும். பார்க்கக் கொடுக்கணும்.

ஜூன் 28, வெள்ளி

ஆஸ்பத்திரியில் குருவம்மாளின் வலது கையைப் பார்த்து டாக்டரம்மா முகம் சுளித்தார். முழங்கையிலிருந்து விரல் வரை வீங்கியிருக்கிறது. ஆபரேஷன் செய்த பக்கம். அந்தக் கையால் கனம் தூக்கக் கூடாது, இழுக்கக் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள்.

"எதையாவது வெடுக்குன்னு இழுத்தீங்களாம்மா?"

"தண்ணிக்குடத்த இழுத்தேன் டாக்டர். பழக்கதோஷம்."

எங்கள் வீட்டில் குடம் கிடையாது. மோட்டார் போட்டால் மாடி டேங்க் நிறைந்துவிடும். நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன்.

வரும் வழியில் திருமங்கலத்தில் ஒரு மெக்கானிக்கிடம் பிரேக்கைக் காட்டினேன். கழற்றிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, எல்லாம் புதுசு மாதிரி இருக்கு. இதுல ஒரு குத்தமும் இல்ல" என்றான். சின்ன வயசு. சரியாகப் பார்க்கவில்லை.

ஜூன் 29, சனி

காலை காப்பி குடித்து முடித்ததும் குருவம்மாள் எனக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். "கண்ண மூடுங்க" என்றாள்.

"என்ன விளையாட்டு இது?"

"மூடுங்க. நான் எந்த வெரலத் தொடுறேன்னு சொல்லுங்க."

மூடினேன். சற்று நேரம் கழித்து, "இப்ப எது?" என்றாள்.

"பெருவெரலு."

"இப்ப?"

"சுண்டுவெரலு."

"இப்ப?"

"நடுவெரலு. போதுமா?"

கண்ணைத் திறந்தேன். அவள் இரண்டு கையும் அவள் மடியில் இருந்தன. வீங்கிய கையை இடது கை தாங்கிப் பிடித்திருந்தது.

"நான் தொடவே இல்லங்க" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. கோபம்தான் வந்தது, அதை எழுதித்தான் ஆக வேண்டும். நோயாளி நீயா நானா என்று கத்தினேன். உன்னைக் கொண்டுபோய்க் கொண்டுவர நாய்படாத பாடு படுகிறேன், என் காலைச் சோதிக்கிறாயா என்றேன். அவள் எழுந்திருக்கவில்லை.

"மொத நாள்ல இருந்து நான் ரோட்டப் பாக்கல. ஒங்க காலத்தான் பாத்துக்கிட்டு வந்தேன். அன்னைக்கு அந்தக் காரு வெலகுனதும் ஒங்க காலு எந்திரிச்சது. எந்திரிச்சு, பிரேக்குக்குப் பக்கத்துல, தரையில போயி விழுந்துச்சு. தரையப் போட்டு அந்த மிதி மிதிக்கிறீக. பல்லக் கடிச்சுக்கிட்டு மிதிக்கிறீக. ‘ஏங்க பிரேக்கு, பிரேக்கு’ன்னு கத்துறேன், ஒங்க காதுல விழுகல. அதான் ஸ்டீயரிங்கப் பிடிச்சு இழுத்தேன்."

"செல்விட்ட சொல்லிட்டியா?"

"இன்னும் சொல்லல. அவளுக்கே சந்தேகம் இருக்கு. ஒங்க காலப் பாத்துக்கிடச் சொன்னா."

"டாக்டர்ட்ட எதுக்குக் குடம்னு சொன்ன?"

அதற்கு அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "ஒங்கள வச்சுக்கிட்டு வேற என்னன்னு சொல்ல?" என்றாள்.

மத்தியானம் இருவரும் சாப்பிடவில்லை.

ஜூன் 30, ஞாயிறு

யாருமில்லாதபோது நானே ஒருதரம் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு காரில் உட்கார்ந்தேன். எஞ்சின் போடவில்லை. பிரேக்கில் கால் வைத்துவிட்டேன் என்று நினைத்ததும் கண்ணைத் திறந்தேன். ஐந்து தடவையில் மூன்றில் கால் தரையில் இருந்தது.

காரைப் போர்வை போட்டு மூடிவிட்டேன்.

ஜூலை 1, திங்கள்

பஸ்ஸில் போனோம். விடியும்முன் கிளம்பினால் உட்கார இடம் கிடைக்கிறது. ஜன்னலோரம் அவளை உட்காரவைத்து, வீங்கிய கை இடிபடாமல் நான் இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். டிரைவர் கனகவேல், என்னோடு சாத்தூர் டிப்போவில் இருந்தவர். "என்னண்ணே, மக காரு வாங்கிக் குடுத்திருக்குன்னு சொன்னாங்க, பஸ்ல வர்றீங்க?" என்றார்.

"கண்ணாடி ஒடஞ்சுபோச்சு. சர்வீஸ்ல நிக்கிது" என்றேன்.

குருவம்மாள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். இத்தனை நாளில் இன்றுதான் அவள் ரோட்டைப் பார்க்கிறாள் என்று தோன்றியது.

ஜூலை 3, புதன்

அவளுக்குக் கரண்ட் வைக்கிற நேரத்தில் அதே ஆஸ்பத்திரியில் சர்க்கரை டாக்டரைப் பார்த்தேன். ஒரு இழையை வைத்துக் காலில் அங்கங்கே தொட்டார். நரம்பு போய்விட்டது என்றார். போனது திரும்பி வராது, மிச்சத்தைக் காப்பாற்றலாம். "என்ன வேலை பார்த்தீங்க?" என்று கேட்டார். சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டு, "இனிமே ஓட்டாதீங்க ஐயா" என்றார்.

தினமும் காலைப் பார்க்க வேண்டுமாம். அடி பட்டால் எனக்கே தெரியாதாம், வீட்டில் யாராவது பார்க்க வேண்டும் என்றார்.

ஜூலை 8, திங்கள்

திரும்பி வரும்போது கள்ளிக்குடி அருகே பஸ் ஜன்னலில் அந்த டேங்கரைப் பார்த்தேன். எழுந்து கண்டக்டரிடம் நிறுத்தச் சொன்னேன். குருவம்மாள் ஏன் என்று கேட்கவில்லை. இருவரும் இறங்கினோம். அவளை ஒரு டீக்கடை நிழலில் உட்காரவைத்துவிட்டு நான் ரோட்டைத் தாண்டிப் போனேன்.

அதே பெண்தான். நாற்பது வயசிருக்கும். தலையில் துண்டு, மேலே ஆரஞ்சுச் சட்டை. முழங்கையில் காய்ந்த சிராய்ப்பு. பெயர் வேலம்மாள் என்று பிறகு சொன்னாள்.

"அம்மா, அன்னைக்கு ஒரு காரு வந்து..." என்றேன்.

என்னை உற்றுப் பார்த்தாள். "கண்ணாடி ஒடஞ்ச காரா? நீங்களா?"

"ஆமாம்மா. நிக்காமப் போயிட்டேன். பெரிய தப்பு. அடி பட்டுச்சா?"

"குச்சி கீறுச்சு, கை தேஞ்சுச்சு. அது கெடக்கு." தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் அடுத்த செடிக்கு நகரவில்லை. "ஒண்ணு கேக்கணும் அண்ணாச்சி. ஒங்க பக்கத்துல இருந்த அம்மா வாயத் தொறந்து கத்துனாக. பாஞ்சு ஸ்டீயரிங்கப் பிடிச்சாக. நான் எல்லாத்தையும் பாத்தேன். ஆனா நீங்க சும்மா நேராப் பாத்துக்கிட்டு இருந்தீக. ஒங்க மொகத்துல பயமே இல்ல. என்னிய அடிக்கணும்னே வர்ற மாதிரி இருந்துச்சு. ராத்திரி கண்ண மூடுனா அந்த மொகந்தான் வருது. ஏன் அப்படி வந்தீக?"

குனிந்து என் காலைப் பார்த்தேன். எத்தனை வண்டிகள் கடந்து போயின என்று தெரியாது.

"பிரேக் போட்டுட்டேன்னு நெனச்சேம்மா. வண்டி நின்னுரும்னு நெனச்சேன். எனக்குக் கால்ல உணர்ச்சி கெடையாது. தெரிஞ்சேதான் ஓட்டுனேன்."

அவள் என் காலைப் பார்த்தாள். பிறகு டீக்கடைப் பக்கம் பார்த்தாள்.

"அவகதானா?"

"ஆமா."

"எனக்கு ரெண்டு பிள்ளைக இருக்கு அண்ணாச்சி" என்றாள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "இப்ப ஓட்டுறீகளா?"

"இல்ல. பஸ்லதான் வந்தேன்."

"சரி" என்று சொல்லிவிட்டு ஹோஸைத் தூக்கிக்கொண்டு அடுத்த செடிக்குப் போனாள். மன்னித்துவிட்டதாகவும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து செல்விக்கு நானே போன் செய்தேன். முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அழுதாள். திட்டினாள். பிறகு மறுபடி அழுதாள். கார் போனால் போகிறது, வந்து எடுத்துப்போகிறேன் என்றாள்.

ஜூலை 12, வெள்ளி

இன்றோடு கரண்ட் முடிந்தது. ஆறு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். நோய் போய்விட்டதா என்று குருவம்மாள் கேட்டாள். அப்போது பார்த்துத்தான் சொல்ல முடியுமாம். நர்ஸம்மா நான் எழுதியதைக் கேட்டார். சாப்பாடு, வாந்தி, தோல் பற்றிய விவரத்தை மட்டும் தனித்தாளில் எடுத்து எழுதிக் கொடுத்தேன்.

அவள் காலை ஒரு இட்லி, மத்தியானம் ரசம்சாதம். கை வீக்கம் பாதி வடிந்திருக்கிறது. கையை மேல்நோக்கி நீவிவிடச் சொல்லிக்கொடுத்தார்கள். காலையும் மாலையும் நான்தான் நீவுகிறேன்.

ஜூலை 14, ஞாயிறு

சாயங்காலம் என் காலைப் பார்க்க உட்கார்ந்தாள். வலது குதிகாலில் ஒரு கண்ணாடிச் சில்லு இருந்தது. சாக்ஸெல்லாம் ரத்தம். எங்கே எப்போது ஏறியது என்று யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. இடது கையால் ஊசியைப் பிடித்து மெதுவாக எடுத்தாள்.

"வலிக்குதா?"

"இல்ல" என்றேன்.

மஞ்சள் மருந்து வைத்துக் கட்டினாள். பிறகு விரலால் பாதத்தின் மேல் அழுத்தினாள். "இங்க தெரியுதா?" இல்லை என்றேன். கணுக்காலுக்கு வந்தாள். இல்லை என்றேன். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லவில்லை, நானே மூடிக்கொண்டேன். இன்னும் மேலே வந்தாள். இல்லை என்றேன். எங்கே இருக்கிறாள் என்று தெரியாமல் காத்திருந்தேன்.

கெண்டைக்காலின் பாதியில் அவள் விரல் பட்டது. சில்லென்று இருந்தது.

"ஆமா, குருவம்மா" என்றேன். "இங்க தெரியுது."